குளிராத பெட்டி

அமுக்கிப் பிடி, தட்டு, எண்ணு, விடு. விட்டதும் அணைந்துவிட்டது. சரி, மறுபடி. அமுக்கிப் பிடி, தட்டு, எண்ணு. வேனின் தரையில் மண்டிபோட்டு, கன்னத்தை ஃபிரிட்ஜ் கதவோடு ஒட்டிவைத்து, கீழ்மூலையில் இருக்கும் சட்டைப் பொத்தான் அளவுக் கண்ணாடி வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு கோலம். யாராவது பார்த்தால் இந்த அம்மாள் ஃபிரிட்ஜை விழுந்து கும்பிடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். கும்பிட்டால் ஓடும் என்றால் கும்பிட்டுவிடலாம், சூடம்கூடக் காட்டலாம், ஏற்கெனவே நெருப்பில் ஓடுகிற சாமிதான் இது. நெருப்பை மூட்டினால் குளிருமாம். பின்பக்கம் அடியில் ஒரு சுடர் எரிய வேண்டுமாம், அந்தச் சூட்டில் குழாய்க்குள் என்னவோ ஏறி இறங்கி முன்பக்கம் பெட்டி குளிர்ந்துவிடுமாம். அவர் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார், பேப்பரில் படம் போட்டுக்கூடக் காட்டினார், நானும் ஊம் கொட்டினேன். சுடவைத்தால் குளிரும் என்று சொல்கிற மனிதரிடம் வேறு என்ன செய்வது. இப்போது அந்த ஊம் எல்லாம் சேர்ந்து வந்து கழுத்தைப் பிடிக்கிறது. விளக்கியவர் பின்னால் படுக்கையில் சுருண்டு கிடக்கிறார், ஊம் கொட்டியவள் முட்டி வலிக்க வலிக்கப் பித்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழு, எட்டு, ஒன்பது. கையை எடுத்துவிடக் கூடாது. இருபதுவரை பிடித்திருந்தால்தான் உள்ளே ஏதோ ஒன்று சூடேறி, சரி, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சுடரை ஏற்றுக்கொள்ளுமாம். பதினொன்று. பதினொன்றுக்கு அப்புறம் பன்னிரண்டா? பன்னிரண்டுதான். இதில் என்ன சந்தேகம் வந்தது எனக்கு.

உள்ளே இருப்பது பாலும் தயிரும் மட்டும் என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். கதவுத் தட்டில் ஈரத்துணி சுற்றிய டப்பாவுக்குள் அவருடைய இன்சுலின் இருக்கிறது. ஊசிபோடும் பேனாக்கள், இந்தப் பயணம் முழுவதற்கும் ஆனவை. சூடு பட்டால் மருந்து வெறும் தண்ணீர்தான் என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கொடைக்கானல் போனால் வாங்கலாம், ஆனால் இந்த மேல்மலையில் இருந்து கொடைக்கானல் போக அவர் எழுந்து வண்டி ஓட்ட வேண்டும், எனக்கு ஸ்டியரிங்கைத் துடைக்க மட்டும்தான் தெரியும். நேற்றிலிருந்து வெயில் என்று ஒன்று கண்ணில் படவில்லை. கூரைமேல் இருக்கிற சோலார் பலகைகள் மழையில் குளித்துக்கொண்டிருக்கின்றன, பேட்டரி இறங்கிப்போய், ராத்திரியே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. காலையில் அவர்தான் எழுந்து, இருக்கவே இருக்கு கேஸ் என்று திருப்பினார். அதற்கு அவர் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம். ஊரில் இருந்தவரை வீட்டுக் கரண்டில்தான் ஓடியது, கேஸில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. மில்லில் இருந்து ரிட்டயர் ஆகி வந்த நாளில் இருந்து வீட்டில் இருக்கிற அத்தனை திருகாணிகளையும் முறுக்கித் தீர்த்துவிட்டு, முறுக்க வேறு ஒன்றும் இல்லாமல், இந்தப் பழைய வேனை வாங்கி, கட்டிலும் அடுப்படியும் அலமாரியும் தன் கையாலேயே போட்டவர் தில்லைநாயகம், என் வீட்டுக்காரர். கோவாவில் வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன வண்டியில் இருந்து கழற்றியது என்று பெஞ்சமின் என்கிற கோயம்புத்தூர்த் தம்பி கொடுத்த ஃபிரிட்ஜ் இது. அன்றைக்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கல்யாணப் பெண்ணை அழைத்துவந்த மாதிரி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். காலையில் திருப்பினார், பற்றியது, கொஞ்ச நேரத்தில் அணைந்தது, மறுபடி பற்றவைத்தார். குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கி அடைத்துக்கொண்டு உட்கார்ந்து ரெண்டாவது காப்பி குடிக்கும்போது, தலை வலிக்குது லோசனி, மலை ஏறின அலுப்பு போல, செத்த படுக்கிறேன், நீ அதை அணையாமப் பாத்துக்க என்றார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அணைகிறது, பற்றவைக்கிறேன், எரிகிறது, உள்ளே கையை விட்டுப் பார்த்தால் கதகதப்பாக இருக்கிறது. கேஸ் கசிகிறதா என்று மூலை மூலையாக முகர்ந்துகூடப் பார்த்துவிட்டேன். அடுப்படியிலேயே ஆயுசு போனவள், கேஸ் நாறினால் எனக்குத் தெரியாதா? ஒரு நாற்றமும் இல்லை. நாற்றம் இல்லாவிட்டால் பயமும் இல்லை. வண்டி சாய்வாக நின்றால் ஓடாது என்று அவர் சொல்லியிருக்கிறார், அதனால் தட்டில் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்தும் பார்த்தேன், தண்ணீர் நாலு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது. அப்புறம்தான் பெஞ்சமினுக்குப் போன் போட்டேன். ஜன்னல் மூலையில் மட்டும் ஒரு கோடு, ரெண்டு கோடு சிக்னல் வரும், கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு பேச வேண்டும். "அக்கா, லெவலா இருக்கா?" "இருக்குப்பா, தண்ணி வச்சுப் பாத்தாச்சு." "சிலிண்டர்ல கேஸ் இருக்கா?" "அதெல்லாம் இருக்கு, இப்பத்தான் காப்பி போட்டேன்." "அண்ணன் எங்க?" "தலைவலின்னு படுத்திருக்காருப்பா." "சரி, கீழ கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுல நெருப்பு நீலமா எரியுதா, மஞ்சளா எரியுதா?" நான் போனைப் பிடித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். "மஞ்சள்தான்ப்பா. நல்லா நீளமா, விளக்கு மாதிரி எரியுது." "மஞ்சளாவா? அக்கா, முதல்ல நீங்க" என்றான். அதோடு போய்விட்டது. கோடு இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தேன், மறுபடி அடித்தேன், நீங்கள் அழைத்த எண் என்று அந்தப் பெண் சொல்கிற பாதியில் அதுவும் போய்விட்டது. மஞ்சள் என்றால் என்னவாம்? நல்லதுதானே. பூஜை அறையில் வெள்ளிக்கிழமை விளக்கு மஞ்சளாகத்தான் எரிகிறது. நீலமாக எரிகிற அடுப்பைப் பார்த்தால்தான் எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும், உயிர் இல்லாத நெருப்பு அது. இது கதகதவென்று, நாக்கை நீட்டி நீட்டி, பார்க்கவே நிறைவாக எரிகிறது. ஓரத்தில் கொஞ்சம் கரி பிடித்திருக்கிறது, விளக்கென்றால் கரி பிடிக்காதா?

முதல்ல நீங்க. முதல்ல நீங்க என்ன? முதல்ல நீங்க அதைத் துடைங்க என்று சொல்ல வந்திருப்பானோ. முதல்ல நீங்க பதறாதீங்க. முதல்ல நீங்க சாப்பிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம். பந்தியில் இப்படித்தான் சொல்வார்கள், முதல்ல நீங்க உக்காருங்க, இல்லை முதல்ல நீங்க, கடைசியில் இலை காய்ந்துபோகும். வீட்டிலும் ஒரு முதல்ல நீங்க உண்டு. நான் சுமங்கலியாகப் போய்விட வேண்டும் என்று ஆடிவெள்ளி தவறாமல் வேண்டிக்கொள்கிறவள். அதை ஒரு தடவை அவர் காதுபடச் சொல்லிவிட்டேன். நீ பாட்டுக்குக் கிளம்பிட்டா எனக்கு ஊசி யாரு போடுறது என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் முதலில் போனால் அவர் மாத்திரையை மறப்பார், ஊசியைத் தப்பாகப் போடுவார், மோரில் உப்புக்குப் பதிலாகச் சீனி போட்டுக் குடிப்பார். அவர் முதலில் போனால், அதை மட்டும் நினைக்க மாட்டேன். அந்த நினைப்பு வருகிற வாசலில் நான் எப்போதும் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், பயறு பொறுக்குவேன், புடவை மடிப்பேன், இன்றைக்குப் பித்தானை அமுக்குகிறேன். பதினொன்று. பதினொன்று சொன்னேனா, சொல்லப்போகிறேனா? சுடர் எரிகிறது, ஆனால் என் விரல் இன்னும் பித்தானில் இருக்கிறது, விரல்நுனி வெளுத்துப்போயிருக்கிறது. எவ்வளவு நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. நெற்றிப்பொட்டு ரெண்டும் விண்விண் என்று தெறிக்கிறது, எனக்கும் தொற்றிக்கொண்டதா அவர் தலைவலி?

எழுந்து போய் அவரைப் பார்க்க வேண்டும். எழுந்தேன் என்று நினைத்தேன், பார்த்தால் எழவில்லை, அப்புறம் நிஜமாகவே எழுந்தேன். வேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மலைப்பாதை வளைவுகள் இன்னும் வயிற்றில் இருக்கின்றன போல, குமட்டுகிறது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன், வெதுவெதுவென்று மூச்சு படுகிறது, அப்பாடா. இது என் வழக்கம், அவருக்குத் தெரியாது. பழனியில் ஒரு கல்யாணம், சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்தவர் கண்ணை மூடினார். சாப்பாட்டு மயக்கம், தூங்கட்டும் என்று நான் பெண்வீட்டாரோடு நகை பேசிக்கொண்டிருந்தேன். அது தூக்கம் இல்லை, சர்க்கரை தரைக்கு இறங்கியிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் பார்த்துவிட்டு வாயில் சீனியை அள்ளிப் போட்டான். அவருடைய தூக்கத்தை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை. ஆனால் இன்றைக்கு அதையும் பார்த்தாகிவிட்டது, விரலில் குத்தி மெஷினில் வைத்தேன், நூற்று எழுபதோ என்னவோ காட்டியது, இறங்கவில்லை, அது போதும். குத்தும்போது, "விடு லோசனி, தூங்க விடு" என்றார். நாக்கு குழறியது, தூக்கக் கலக்கம். "எழுந்து ரெண்டு வாய் கஞ்சி குடிங்க" என்றேன். "ஃபிரிட்ஜ் ஓடுதா?" "ஓடும்ங்க." "அணைய விடாத." அது எப்போது, அரைமணி இருக்குமா, அதற்கும் மேலேயா? இப்போது குனிந்து முகத்தைப் பார்க்கிறேன். முகம் நன்றாக இருக்கிறது, நேற்று இருந்ததைவிட நன்றாக இருக்கிறது, கன்னம் ரெண்டும் சிவந்து, மலைக்காற்று பட்டு நிறம் ஏறியிருக்கிறது. மாப்பிள்ளைக் களை என்றுகூடத் தோன்றியது. "ஏங்க" என்றேன். அசந்து தூங்குகிறார். எழுப்பினால் எரிந்து விழுவார், எழுப்ப வேண்டாம். எனக்கும் அவர் காலடியில் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் தேவலை என்று இருக்கிறது, ஒரே ஒரு நிமிஷம், ஆனால் சுடர். சுடர் அணைந்துவிட்டதா, பற்றவைத்தேனா, பற்றவைத்துவிட்டுத்தான் எழுந்தேனா? இன்சுலின் சூடாகிவிடும். முதல்ல நீங்க. என்னப்பா, முதல்ல நான் என்ன?

சமையல் மேடையில் மாவுத் தூக்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். திண்டுக்கல்லில் அரைத்துக்கொண்டு வந்த இட்லி மாவு. ஃபிரிட்ஜ் நின்றதும் நேற்று ராத்திரி இதை வெளியே படியோரம் வைத்தேன், காலையில் பொங்கி வழிந்திருக்கும் என்று பயந்துகொண்டே திறந்தால், கரைத்த சுண்ணாம்பு மாதிரி அப்படியே படுத்துக் கிடக்கிறது, ஒரு குமிழி இல்லை. பூண்டுக் காட்டுக்குப் போகிற பெண் ஒருத்தி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அந்த வழியாக வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இந்தக் குளுருல மாவு எங்கம்மா பொங்கும்? ரெண்டு நாள் ஆனாலும் இப்படியேதான் கெடக்கும்." நானும் சிரித்தேன். இப்போது தூக்கைப் பார்க்கிறேன். மாவு பொங்கவில்லை. ஏன் பொங்கவில்லை? குளிர். எங்கே குளிர்? வெளியே. இதை இவ்வளவு மெதுவாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல்விட்டு யோசிக்கிறேன். வெளியே குளிர் என்றால், இன்சுலினை வெளியே வைத்தால் போதாதா? ஐயோ, என்ன மடத்தனம். ஊரே ஃபிரிட்ஜாக இருக்கும்போது அதற்குள் ஒரு சூட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு காலையில் இருந்து ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். சிரிப்பு வந்தது, சிரித்தால் தலை பிளக்கிறது. டப்பாவை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டேன். வேனின் கதவை இழுத்துத் திறக்க என் கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி மூன்று தடவை நழுவியது. இறங்கினேன். அவருக்குக் குளிரும் என்று கதவை மறுபடி இறுக்கிச் சாத்தினேன்.

காற்று முகத்தில் அறைந்தது. நாலடி வைத்திருப்பேன், வயிற்றில் இருந்த காப்பி எல்லாம் புல்லில் வந்துவிட்டது. தைலமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினேன். இழுக்க இழுக்க இனித்தது மூச்சு, இவ்வளவு நேரம் நான் மூச்சே விடவில்லை போல. பையை எங்கே மாட்டுவது? மழைத்தண்ணீர் விழாத இடமாக, வெயில் வந்தாலும் படாத இடமாக. வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அங்கே அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, கோரைப்பல் ரெண்டும் வெளியே தெரிய, சிவப்பு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆளுயரத்தில் பாதி இருக்கிற திருஷ்டி முகம். என் மதினி, அவருடைய அக்கா, கொண்டுவந்து ஒட்டியது. வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, எல்லாம் முடிந்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஊர்க் கண்ணு எல்லாம் இந்த வண்டி மேலதான், தம்பி ஆசை ஆசையாக் கட்டியிருக்கான் என்று ஸ்டிக்கர் கடைக்காரனிடம் அளவு கொடுத்துச் செய்யச்சொல்லி வாங்கி வந்தாள். இந்தப் பக்கம் மட்டும் ரெண்டு கம்பித் தடுப்பு பல்லை இளிச்சுக்கிட்டு அசிங்கமா இருக்குல்ல என்று, மேல் தடுப்புக்குக் கண்ணும் கீழ்த் தடுப்புக்கு வாயும் வருகிற மாதிரி கச்சிதமாக வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்து ஒட்டினாள். அவர் அப்போது உள்ளே பூசாரிக்குத் தட்டு எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்துவிட்டு முகம் ஒரு மாதிரி ஆனது. அக்கா மனசு கோணக் கூடாது என்று, ஊரைத் தாண்டினதும் கிழிச்சுக்கலாம் லோசனி என்று என் காதில் சொன்னார். ஊரைத் தாண்டினோம், மலையும் ஏறினோம், ரெண்டு பேருமே மறந்துபோனோம். இப்போது அந்த வாய் இருக்கிற இடம் புடைத்து உப்பியிருக்கிறது, ஓரத்தில் கறுப்பாக ஒழுகின மாதிரி கரி. கையை வைத்தேன். கொதிக்கிறது.

கம்பித் தடுப்பு எதற்கு இருக்கிறது? ஃபிரிட்ஜின் முதுகு அங்கேதான் இருக்கிறது. நெருப்புக்குக் காற்று அதன் வழியாகத்தான் போக வேண்டும், நெருப்பு விடுகிற மூச்சு அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பேப்பரில் படம் போட்டு, ரெண்டு அம்புக்குறி போட்டு, இது உள்ளே, இது வெளியே என்று அவர் சொன்னார். நான் ஊம் கொட்டினேன். வெளியே போகாத மூச்சு எங்கே போகும்? ஒவ்வொரு குளிர்காலமும் பேப்பரில் ஒரு மூலையில் வருமே, மலைக்குச் சுற்றிப் பார்க்க வந்த பையன்கள் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை மூட்டிக் கதவை அடைத்துக்கொண்டு படுத்தார்கள், காலையில் எழுந்திருக்கவில்லை என்று. பாவம், தூக்கத்திலேயே போய்விட்டார்கள், வலி தெரிந்திருக்காது என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேனே. அதற்கு நாற்றம் கிடையாது. தலைவலி. குமட்டல். எண்ணிக்கை மறப்பது. தூக்கம். முதல்ல நீங்க வெளிய வாங்க. முதல்ல நீங்க வெளிய வாங்கக்கா. நான் வந்துவிட்டேன். நான் வந்து, அவரை உள்ளே வைத்து, குளிரும் என்று கதவை இறுக்கிச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.

பையை எங்கே போட்டேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு கதவை இழுத்தேன், ஜன்னல்களைத் தள்ளினேன், சிலிண்டரைத் திருகினேன், எந்தப் பக்கம் திருகுவது என்று மட்டும் கை மறக்கவில்லை, அத்தனை வருஷம் ராத்திரி ராத்திரி மூடின கை. "ஏங்க, எழுந்திருங்க, ஏங்க." கன்னத்தில் அறைந்தேன். கைநீட்டி ஒரு கொசுவைக்கூட அவர் மேல் அடித்ததில்லை, ரெண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தேன். அந்தச் சிவப்பு, மாப்பிள்ளைக் களை என்று நினைத்தேனே, பாவி. அசையவில்லை. போர்வையோடு சேர்த்து இழுத்தேன். வந்துவிடுங்கள், நீங்கள் முதலில் போகக் கூடாது, நான் வேண்டிக்கொண்டது அப்படி இல்லை. படுக்கையில் இருந்து தரைக்கு விழுந்தார், தரையில் இருந்து படிக்கு, படியில் தலை இடித்தது, அந்தச் சத்தம் கேட்டு எனக்கு உயிர் போனது, ஆனாலும் விடவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து ஈரப் புல்லில் போய் விழுந்தோம். "யாராவது வாங்களேன்" என்று கத்தினேன். பூண்டுக் காட்டில் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. காலையில் சிரித்த அதே பெண் சேற்றில் ஓடி வந்தாள். "அய்யாவுக்கு என்னம்மா ஆச்சு?" "உள்ள விஷக் காத்தும்மா, மூச்சு அடைச்சிருச்சு." அவள் என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அவர் ஸ்வெட்டரைக் கழுத்தில் இருந்து விலக்கிவிட்டாள். "மூச்சு இருக்கும்மா. பாருங்க, நெஞ்சு ஏறுது. டேய் மாசாணம், மூட்டை ஏத்துற ஜீப்பைக் கொண்டாடா இங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். நான் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியே இருந்தேன். மழை அவர் முகத்தில் விழுந்தது, நான் மறைக்கவில்லை, விழட்டும், எழுப்பட்டும்.

இமை ரெண்டும் அசைந்தன. முதலில் ஒரு இருமல், அப்புறம் வயிற்றில் இருந்து எல்லாம் வந்தது, துடைத்துவிட்டேன். கண்ணைத் திறந்து மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது, அழுதேன், வாய்விட்டே அழுதேன். "லோசனி" என்றார். என் பெயர் தெரிகிறது. "சொல்லுங்க." "ஃபிரிட்ஜ் ஓடுதா?" "அது கெடக்குது சனியன், அது ஓடலைங்க. அணைச்சுட்டேன்." அவர் முகம் விழுந்துவிட்டது. கையை ஊன்றி எழப் பார்த்தார். "கேஸ்ல போட்டியா? லெவல் பாத்தியா? விடு, நான் பாக்குறேன்." இந்த உடம்பை வைத்துக்கொண்டு மறுபடி அதற்குள் போகப் பார்க்கிறார். தோளை அமுக்கிப் படுக்கவைத்தேன். ஜீப் சேற்றில் உறுமிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "லோசனி." "என்னங்க?" "ஃபிரிட்ஜ் ஓடுதா?" அலுப்பில் கேட்கிறார் என்று நினைத்தேன். அலுப்பில்தான் இருக்கும். பொய் சொன்னால் பேசாமல் படுத்திருப்பாரே என்று, "ஓடுதுங்க, நல்லா ஓடுது. உள்ள ஐஸ் கட்டியிருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வாசலில் நின்று என்னைக் கூப்பிட்ட அன்றைக்கு மலர்ந்த மாதிரியே மலர்ந்தது. "நான்தான் சொன்னேன்ல" என்றார். ஜீப் வந்து நின்றது. அந்தப் பெண்ணும் மாசாணமும் காலைப் பிடிக்க, நான் தலையைப் பிடிக்க, பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றினோம். வண்டி குலுங்கிக்கொண்டு கிளம்பியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லோசனி" என்றார். "ஃபிரிட்ஜ் ஓடுதா?" முகத்தைக் குனிந்து பார்த்தேன். விளையாட்டு இல்லை. கேட்டது ஞாபகமே இல்லாத கண். "ஓடுதுங்க" என்றேன். முதல் தடவை கேட்கிற மாதிரியே மலர்ந்தார், நான்தான் சொன்னேன்ல என்றார், அதே குரல், அதே சிரிப்பு. எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள். இனிமேல் கேட்கக் கூடாது, வேறு எதையாவது கேட்கட்டும், தண்ணீர் கேட்கட்டும், எங்கே போகிறோம் என்று கேட்கட்டும், என்னைத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உதடு பிரிந்தது.